ஹோப் காலேஜில் இருந்து ஒரத்துப்பாளையம் வரை

கோவை அவிநாசி சாலையில் டவுன் பஸ் ஏறினால், நடத்துநர் கூவுகிற நிறுத்தங்களிலேயே ஊரின் தொழில் வரலாறு பாதி வந்துவிடும். லட்சுமி மில், நவ இந்தியா, பீளமேடு, ஹோப் காலேஜ், சிட்ரா, கோல்ட்வின்ஸ். கோயிலையும் ஏரியையும் விட்டுவிட்டு ஆலைகளும் கல்லூரிகளும் ஆய்வு நிலையங்களும் நிறுத்தங்களுக்குப் பெயர் கொடுத்த சாலை ஒன்றை இத்தனை நீளத்துக்கு வேறு ஊரில் நான் பார்த்ததில்லை. தலைக்கு மேலே பத்து கிலோமீட்டருக்கு ஜி.டி. நாயுடு மேம்பாலம் ஓடுகிறது. 2025 அக்டோபரில் திறந்தார்கள். அவசரக்காரர்கள் மேலே போகிறார்கள். எனக்கு வேண்டிய நிறுத்தங்கள் எல்லாம் கீழே.

ஹோப் காலேஜில் இறங்கி, "கல்லூரி எங்கே?" என்று கேட்டால் எந்தக் கல்லூரி என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தப் பெயரில் அங்கே இன்று கல்லூரி கிடையாது. 1945இல் கோவைத் தொழிலதிபர் ஜி.டி. நாயுடு நிதி கொடுக்க, அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி இங்கே தொடங்கியது. பள்ளிப் படிப்பையே முடிக்காத நாயுடுதான் முதல் முதல்வர். பொறியாளரை உருவாக்க நான்கு ஆண்டுகள் எதற்கு, பட்டறையில் நிறுத்திப் பழக்கினால் அதைவிடக் குறைந்த காலம் போதும் என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் விலகிக்கொண்டார். கல்லூரி 1950இல் தடாகம் சாலைக்குக் குடிபெயர்ந்து, இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக நிலைத்தது. நிறுத்தத்தில் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

நாயுடு சொன்னது சரியா, அரசாங்கம் சொன்னது சரியா என்று இப்போது தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. இருவருமே பாதி சரி. இருவரும் பிரிந்ததுதான் நட்டம்.

பொருளாதாரப் புவியியலில் 'வட்டாரப் புத்தாக்க அமைப்பு' என்றொரு கருத்து உண்டு. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் பணியாற்றிய பிலிப் குக் என்ற அறிஞர் 1992இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பரவலானது. தொழிற்கூடம், கல்லூரி, ஆய்வு நிலையம், வங்கி, தொழிற்சங்கம், அரசு அலுவலகம் எல்லாம் ஒரே வட்டாரத்தில் இருந்து, ஓயாமல் ஒன்றோடொன்று கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்டால், அந்த வட்டாரமே சேர்ந்து புதியதைக் கற்கும் என்பது சாரம். ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பெர்க்கையும் இத்தாலியின் எமிலியா-ரொமான்யாவையும் உதாரணம் காட்டுவார்கள். அதைப் படித்துவிட்டு வளரும் நாடுகள் எல்லாம் பூங்கா கட்டக் கிளம்பின. தொழில்நுட்பப் பூங்கா, ஜவுளிப் பூங்கா, உணவுப் பூங்கா. கண்ணாடி முகப்பும் ரிப்பன் வெட்டிய கல்வெட்டுமாக நாடெங்கும் அவை நிற்கின்றன.

நொய்யல் ஆற்றின் படுகையில், தொழிற்கூடம் முதல் அரசு அலுவலகம் வரை அந்தப் பட்டியலில் உள்ள எல்லாமே, பூங்கா வருவதற்கு முன்பே இருக்கின்றன. வெள்ளியங்கிரியில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கொடுமுடிக்குக் கீழே காவிரியில் சேர்கிற சின்ன ஆறு. இதன் கரையில் என்ன கற்றுக்கொண்டார்கள், எங்கே கற்பது நின்றது என்று பார்த்துக்கொண்டே கிழக்கே போவது என் திட்டம்.

முதலில் கோவை ஆவாரம்பாளையத்தில் ஒரு பம்புப் பட்டறைக்குப் போனேன். முன்புறம் நான்கு லேத்துகள், பின்புறம் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் பெண்கள், நடுவில் வார்ப்பாலையில் இருந்து வந்திறங்கிய கரிய காஸ்டிங்குகள். இரும்புச் சீவலும் கூலன்ட் எண்ணெயும் சேர்ந்த வாசனை சட்டையில் ஒட்டிக்கொண்டு மறுநாளும் போகவில்லை. உரிமையாளருக்கு அறுபது வயதிருக்கும். அவருடைய அப்பா வேறொரு பட்டறையில் ஃபிட்டராக இருந்து வெளியே வந்து இதைத் தொடங்கியவர். இவரிடம் வேலை கற்ற சிலர் வெளியே போய், இதே தெருவில் தனித்தனிப் பட்டறை வைத்திருக்கிறார்கள். கோவையின் தொழில் இப்படித்தான் விதை போட்டது.

தொடக்கம் பஞ்சில். ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888இல் நூற்பாலை கொண்டுவந்தார். 1932இல் பைகாரா நீர்மின் நிலையத்தில் இருந்து மின்சாரம் வந்தது. ஆலைகள் பெருகின. அவற்றின் இயந்திரங்களைப் பழுதுபார்க்கப் பட்டறைகள் வந்தன. இன்னொரு பக்கம், மழை மறைவுப் பகுதியில் ஆழக் கிணறு வெட்டி, மாட்டைக் கட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்த விவசாயி. அவனுக்கு மோட்டார் வேண்டும். வெளிநாட்டு மோட்டார் கெட்டால் பிரித்துப் பார்க்க ஆள் இருந்தது, பிரித்துப் பார்த்தவன் செய்தும் பார்த்தான். பி.எஸ்.ஜி. அறநிலையத்தார் 1926இலேயே தொழிற்பயிற்சிக் கூடம் வைத்துவிட்டார்கள். 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவிலேயே முதல் மின் மோட்டாரை உருவாக்கினார்கள். 1955இல் பி. சபாபதி என்பவர் மாவாட்டும் கல்லுக்கு மோட்டாரை மாட்டினார். கோவை வெட் கிரைண்டருக்கு இன்று புவிசார் குறியீடு உண்டு. இவற்றில் எதற்கும் யாரும் கொள்கை அறிக்கை வெளியிடவில்லை. ஒரு ஆள், ஒரு பட்டறை, பக்கத்திலேயே வாங்க ஆள். இந்த மூன்றும் சேர்ந்தால் கோவைக்காரர் எதையும் செய்துவிடுவார்.

பிறகு ஏன் பம்பு அதே பம்பாகவே இருக்கிறது என்று அவரிடமே கேட்டேன். காஸ்டிங் ஒன்றைக் காலால் தள்ளிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க, எங்க பம்பை வாங்கறவரு கரண்ட் பில்லு கட்டறதில்லீங்க. அப்புறம் அவருக்கு எதுக்குங்க கரண்டு மிச்சம் பண்ற பம்பு? ராவுல வோல்டேஜ் இறங்குனாலும் காயில் புகையக் கூடாது. அவ்வளவுதானுங்க அவரு கேக்கறது. நானும் அதைத்தான் செஞ்சு குடுக்கறேன்."

புத்தாக்கம் பற்றி நான் கேட்ட எத்தனையோ உரைகளில் இவ்வளவு தெளிவு இருந்ததில்லை. தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் முழுக்க இலவசம். 23 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள் இருக்கின்றன. ஒரு மோட்டார் வீணடிக்கும் மின்சாரத்தின் செலவு மின்வாரியத்தின் தலையில் விழுகிறது. மோட்டாரை வாங்குபவருக்கு அது கண்ணுக்குத் தெரியாது. விற்பவருக்கும் தெரிய வேண்டியதில்லை. இலவச மின்சாரம் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆயிரம் அடி ஆழ்குழாய்க் கிணற்றோடு மல்லுக்கட்டும் ஆளிடம் போய் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒரு துறை எடுத்த முடிவு, இன்னொரு துறை வளர்க்க நினைக்கிற தொழிலின் ஆசையையே அடக்கிவிட்டது. ஒரு பக்கம் அரசே மின்சாரச் சிக்கனத்துக்கு நட்சத்திர முத்திரை ஒட்டு என்கிறது. களத்தில் அந்த நட்சத்திரத்துக்கு விலை இல்லை. புதியதைச் செய்ய ஆள் இருந்தும், அதைக் கேட்டு வாங்க ஆள் இல்லை.

இதே உரிமையாளர் சூரியசக்தி பம்பு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அங்கே பம்பு வீணடிக்கும் ஒவ்வொரு வாட்டுக்கும் கூடுதல் பலகை வைத்தாக வேண்டும். பலகைக்குக் காசு. காசு என்று வந்ததும் திறன் தானாக வந்துவிட்டது. பம்புக்குள் சுழலும் இம்பெல்லரின் வளைவை மாற்றிப் பார்த்ததாகவும், பலகை ஒன்று குறைந்ததாகவும் சொன்னார். அந்த வளைவைக் காட்டுவீர்களா என்று கேட்டதற்குச் சிரித்தார். காட்டவில்லை.

காட்டாததற்குக் காரணம் உண்டு. ஆவாரம்பாளையத்தில் ஒருவர் புது வடிவம் போட்டால், சில வாரங்களில் அடுத்த தெருவில் அதே வார்ப்பு வந்துவிடும். வேலை பழகியவர் வெளியேறித் தனிக்கடை போடுகிறபோது அறிவும் கூடவே போகிறது. இதனால்தான் ஊர் இவ்வளவு வேகமாகப் பரவியது, இதனால்தான் யாரும் பெரிதாகச் செலவழித்துப் புதிதாக ஒன்றைச் செய்வதும் இல்லை. குஜராத்தின் ராஜ்கோட்டில் இருந்து இதைவிட மலிவாகப் பம்பு வந்து இறங்குகிறது. விலையில் போட்டி போட்டு முடியாது, தரத்தில் மேலே போக வேண்டும். அதற்கு வேண்டிய சோதனை மேடையும் வடிவமைப்பு ஆளும் பத்து லேத்து வைத்திருக்கும் ஒருவரால் ஒற்றையாக வாங்கக் கூடியவை அல்ல.

பொதுச் சோதனைக் கூடம் இல்லையா? இருக்கிறது. கோவையின் தொழில் சங்கங்கள் சேர்ந்து 1980களிலேயே சிடார்க் என்ற சோதனை, ஆராய்ச்சி மையத்தை அமைத்துவிட்டன. பம்புக்கும் மோட்டாருக்கும் முறையான சோதனை அங்கே நடக்கிறது. இந்த உரிமையாளரும் போயிருக்கிறார், முத்திரைச் சான்றுக்காக. "அங்க போறது பரீட்சை எழுதப் போற மாதிரிங்க. பாஸா பெயிலான்னு பாத்துட்டு வந்துருவோம். சந்தேகம் கேக்கறதுக்குன்னு போனதில்லீங்க."

கல்லூரிகள் கூப்பிடு தூரத்தில். பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951இல் இருந்தும், சி.ஐ.டி. 1956இல் இருந்தும் இதே பீளமேட்டில் இருக்கின்றன. இறுதியாண்டு மாணவர்கள் 'புராஜெக்ட்' செய்யப் பட்டறைக்கு வருவார்களாம். நல்ல பையன்கள், நல்ல கேள்வி கேட்பார்கள், பிரச்சினை என்ன என்று புரிகிற நேரத்தில் செமஸ்டர் முடிந்துவிடும். பேராசிரியரைக் குறை சொல்லியும் பயனில்லை. அவருடைய பதவி உயர்வும் கல்லூரியின் தரவரிசையும் ஆய்வுக் கட்டுரையைப் பார்த்து எண்ணப்படுகின்றன. ஆவாரம்பாளையத்து மோட்டார் ஒன்று புகையாமல் ஓடுவதற்கு எந்த ஆய்விதழிலும் இடமில்லை. இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்து, பட்டறையின் முனகலைக் கல்லூரியின் பாஷையிலும் கல்லூரியின் விடையைப் பட்டறையின் பாஷையிலும் சொல்கிற வேலைக்கு யாருக்கும் சம்பளம் இல்லை. நான் பார்த்த அளவில் இந்த வட்டாரத்தின் ஆகப் பெரிய ஓட்டை இதுதான். அடைக்கச் செலவும் குறைவு, ஆனால் அதற்குத் திறப்பு விழா நடத்த முடியாது.

மறுபடி பஸ். ஹோப் காலேஜைத் தாண்டினால் சிட்ரா நிறுத்தம். தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தின் ஆங்கிலச் சுருக்கம்தான் அந்தப் பெயர். 1950களின் நடுவில், 1933இல் இருந்தே சங்கமாகச் சேர்ந்திருந்த ஆலை முதலாளிகளின் முயற்சியிலும் அரசின் துணையிலும் உருவானது. சந்தா கட்டும் ஆலைகள் தங்கள் உற்பத்தி, செலவுக் கணக்குகளை இங்கே கொடுக்கும். பெயர் வெளியே தெரியாதபடி அவற்றைத் தொகுத்து ஒப்பிட்டு, நீ எங்கே நிற்கிறாய், முன்னே நிற்பவனுக்கும் உனக்கும் எவ்வளவு தூரம் என்று ஒவ்வொரு ஆலைக்கும் சொல்வார்கள். போட்டியாளர்கள் தங்கள் கணக்கை ஒரே இடத்தில் கொட்டுவது எவ்வளவு பெரிய நம்பிக்கை என்பது, ஆவாரம்பாளையத்தில் இம்பெல்லரைக் கேட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆலைக்காரர்களால் முடிந்தது பம்புக்காரர்களால் ஏன் முடியவில்லை? ஆலைகள் சில நூறு, பெரியவை, முதலாளிகள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள், பலர் உறவுக்காரர்கள். பட்டறைகளோ ஆயிரக்கணக்கில், சின்னஞ்சிறியவை. சிறியவர்களுக்கு ஒன்றுசேரும் செலவே கட்டுப்படியாவதில்லை.

கருமத்தம்பட்டியில் இறங்கிச் சோமனூர்ப் பக்கம் ஒரு சுற்றுப் போனேன். வீட்டுக்கு வீடு விசைத்தறிச் சத்தம். இங்கே கதை சுருக்கமானது. தறி ஒருவருடையது, பாவும் நூலும் இன்னொருவருடையது. கூலிக்கு நெய்பவர் புதுத் தறி வாங்கினால் கடன் அவருக்கு, கூடுதல் துணியின் லாபம் நூல் கொடுப்பவருக்கு. கூலி உயர்வுக்காக மாதக்கணக்கில் தறிகளை நிறுத்திப் போராடியும் ஒப்பந்தக் கூலி கைக்கு வந்து சேராத ஊரில், புதுத் தறிக்கு மானியம் என்று சுவரொட்டி ஒட்டினால் யார் போவார்கள்? சிட்ராவின் விசைத்தறிச் சேவை மையம் இங்கேயும் இருக்கிறது, அறிவு பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. அதை வாங்கிக்கொள்ளும் தெம்புதான் இல்லை.

திருப்பூருக்குள் நுழைகிறபோது வேறு ஒரு வேகம் ஒட்டிக்கொள்கிறது. டீக்கடைப் பலகையில் தமிழோடு இந்தி, ஒடியா. பனியன் துணி ஏற்றிய மூன்று சக்கர வண்டிகள் சந்துக்குச் சந்து பாய்கின்றன. நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், பிரிண்டிங் ஒரு இடம், கட்டிங்கும் பவர்டேபிள் தையலும் செக்கிங்கும் வேறு ஒரு இடம். ஒரு சட்டை முழுதாவதற்குள் ஊரைச் சுற்றி வந்துவிடும். 1970களின் கடைசியில் இத்தாலியில் இருந்து ஆர்டர் கேட்டு வந்த வியாபாரியில் தொடங்கிய ஏற்றுமதி 1985இல் 15 கோடி ரூபாய், இப்போது ஏறக்குறைய 40,000 கோடி. விவசாயக் கூலியாகவும் பனியன் கம்பெனிக் கூலியாகவும் இருந்த கவுண்டர்கள் எப்படி முதலாளிகள் ஆனார்கள் என்று ஷரத் சாரி என்ற புவியியல் அறிஞர் 2004இல் ஒரு முழு நூல் எழுதியிருக்கிறார். தங்கள் உழைப்பையே அவர்கள் மூலதனமாகச் சொல்லிக்கொள்வதை அவர் கவனித்திருக்கிறார். அந்தப் பெருமையில் உண்மை இருக்கிறது. அந்தப் பெருமைக் கணக்கில் ஆறு இல்லை.

சாயக் கணக்கு இது. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். அடர்ந்த நிறமென்றால் லிட்டர் தண்ணீருக்கு 60 முதல் 80 கிராம் வரை. சாயத்தில் பெரும்பகுதி துணியில் ஏறிவிடும், உப்பு அப்படியே தண்ணீரில் மிஞ்சும். நிறத்தை எடுத்துவிடலாம், நாற்றத்தை எடுத்துவிடலாம், கரைந்த உப்பைச் சாதாரணச் சுத்திகரிப்பில் எடுக்க முடியாது. பல ஆண்டுகளாக அது நொய்யலுக்குள் போனது. ஆற்றின் கீழ்ப்பகுதி விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக் கூடாது என்று 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது, 2009இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பட்டறைகள் தவணை கேட்டுக்கொண்டே இருந்தன. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிவிட்டது. மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. துணி சாயத்துக்காக வடக்கே லூதியானா வரை லாரி ஏறிய காலம் அது என்று ஊரில் இன்னும் பேசிக்கொள்கிறார்கள்.

அருள்புரத்தில், பல்லடம் சாலையில், ஒரு சாயப்பட்டறை மேலாளர் என்னைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அழைத்துப் போனார். இப்படிப்பட்ட பொது நிலையங்கள் திருப்பூரில் 18. நுரை ததும்பும் பெரிய தொட்டிகளில் முதலில் நுண்ணுயிர்கள் வேலை பார்க்கின்றன. பிறகு வடிகட்டிகள், அப்புறம் எதிர்ச் சவ்வூடு பரவல் குழாய்கள் வரிசை வரிசையாக, ஆர்.ஓ. என்றால் எல்லோருக்கும் புரியும். அதிலிருந்து வரும் நல்ல தண்ணீர் மறுபடியும் சாயத்துக்கே போகிறது. 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீரை மீட்கிறார்கள். உலகத்தில் எங்கே போய்ச் சொன்னாலும் தலைநிமிர்ந்து சொல்லலாம்.

சிக்கல் மிஞ்சிய பத்தில். சவ்வு தள்ளிவிட்ட அந்தக் கெட்டி உப்புநீரை ஆவியாக்கிக் காய்ச்ச வேண்டும். அதற்கு விறகும் மின்சாரமும் கொட்டியாக வேண்டும். தொடக்கத்தில் வெளியூர் ஆலோசகர்கள் வரைந்து கொடுத்த நிலையங்கள் பல, இந்த இடத்தில்தான் திணறி நின்றன. வழி எங்கிருந்து வந்தது என்பதுதான் நான் கேட்கப் போன கதை. அந்த உப்புநீரை முழுக்கக் காய்ச்ச வேண்டாம், நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கிவிட்டு, அதையே சாயத்துக்கு வேண்டிய உப்புக் கரைசலாகத் திருப்பி ஊற்றலாம் என்பது யோசனை. இந்த அருள்புரம் நிலையத்தில்தான் அதை முதலில் செய்து காட்டினார்கள். அரசின் பங்குள்ள ஒரு நீர் முதலீட்டு நிறுவனத்தின் பொறியாளர்களும் பட்டறைக்காரர்களும் சேர்ந்து நின்ற வேலை. அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது.

யோசனை மட்டும் போதவில்லை. மேலாளர் சொன்னது எனக்குப் புதுசு. "எங்க நிலையத்துல இருக்கற எல்லாரும் ஒரே உப்பைப் போடோணுங்க. ஒருத்தர் சாதா உப்பு, ஒருத்தர் சோடியம் சல்பேட்டுன்னு போட்டா கலந்துருமுங்க. கலந்துட்டா பிரிக்க முடியாது, திருப்பி ஊத்தவும் முடியாது. சாய ரெசிபியைப் பொண்டாட்டிகிட்டக்கூடச் சொல்லாத ஆளுகளுங்க நாங்க. எல்லாத்தையும் உக்கார வச்சு, இனிமே இந்த உப்புதான்னு ஒத்துக்க வச்சோம் பாருங்க, அதுதானுங்க கஷ்டம். மிசினு வாங்கறது ஒண்ணுமேயில்லை."

ஆவாரம்பாளையத்தில் நான் தேடியது இங்கே, அருள்புரத்துச் சகதியில் கிடைத்தது. ஒரு வட்டாரம் சேர்ந்து கற்றுக்கொண்டது. ஆனால் பிரம்பு எடுத்தவர் நீதிபதி. பல்கலைக்கழகமோ தொழில் துறையோ இல்லை. மூடு என்ற ஆணை வராமல் இருந்திருந்தால் இந்தக் கூட்டம் நடந்திருக்காது என்பதை அந்த மேலாளரே ஒப்புக்கொண்டார். நீதிமன்றம் நிறுத்தச் சொல்லும். எப்படி நடத்துவது என்று சொல்லித்தருவது அதன் வேலை இல்லை. 1990களிலேயே அந்தப் பாடத்தை எடுக்க வேண்டியவர்கள் எடுக்கவில்லை.

நீதிமன்றத் தீர்ப்பு வந்த அதே காலத்தில் என்ன நடந்தது என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. பவானிக்குப் பக்கத்தில் காவிரியில் இருந்து குழாய் போட்டுத் திருப்பூர் ஆலைகளுக்கும் குடியிருப்புகளுக்கும் நாளொன்றுக்கு 185 மில்லியன் லிட்டர் தண்ணீர் கொண்டுவரும் பெருந்திட்டம் ஒன்று, தனியாரும் அரசும் சேர்ந்து செய்தது, 2005, 2006 வாக்கில் ஓடத் தொடங்கியது. அதே 2006இல்தான் கழிவுநீரையே மீட்டெடுத்துப் பயன்படுத்து என்ற தீர்ப்பு. மீட்டெடுப்பவனுக்குப் புதுத் தண்ணீர் எதற்கு? எதிர்பார்த்த அளவுக்கு ஆலைகள் தண்ணீர் வாங்கவில்லை, திட்டம் கடனில் தத்தளித்தது. ஒரே ஊர், ஒரே தண்ணீர். உள்ளே வருவதற்கு ஒரு நிறுவனம், வெளியே போவதற்கு ஒரு வாரியம், இருவரையும் ஒரு மேசையில் உட்கார வைக்க எவரும் இல்லை.

நிலையத்தின் பின்புறம் ஒரு கொட்டகை. உள்ளே சாக்குச் சாக்காக, பிரிக்க முடியாமல் கலந்து போன உப்பு. விற்கவும் முடியாது, புதைக்கவும் முடியாது, மழை படாமல் மூடி வைத்திருக்கிறார்கள். திருப்பூரின் நிலையங்களில் இப்படிக் காத்திருக்கும் மூட்டைகள் மலைபோல் இருக்கின்றன. வேதியியல் துறை உள்ள எத்தனை கல்லூரிகள் இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கின்றன என்று எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன்.

இதற்கிடையே உலகம் பருத்தியில் இருந்து செயற்கை இழைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. விளையாட்டு உடை, குளிர்கால உடை எல்லாம் பாலியெஸ்டர். திருப்பூரின் கைக்குப் பழகியது பருத்தி. பாலியெஸ்டருக்கு வேறு சாயம், வேறு சூடு, வேறு இயந்திரம். ரியாக்டிவ் சாயத்தைப் போல அதற்கு உப்பு வேண்டாம் என்பது ஆற்றுக்கு நல்ல சேதி. ஆனால் மாறிப் பார்க்கிற முதல் பத்துப் பேர் கையைச் சுட்டுக்கொண்டு கற்பதைப் பின்னால் வரும் ஆயிரம் பேர் இலவசமாகப் பெறுவார்கள். அந்த முதல் பத்துப் பேரின் நட்டத்தில் பங்கெடுக்க எந்த வங்கியும் தயாராக இல்லை, அடமானம் கேட்கிறார்கள். ஆற்றுக்குக் கெட்ட சேதியும் உண்டு. சாயத் தொழிலின் ஒரு பகுதி 2011க்குப் பிறகு பக்கத்து மாவட்டங்களுக்கு நழுவியது. அங்கே அனுமதி இல்லாத பட்டறைகள் காவிரிக் கரையில் இடிக்கப்படுவதும் மறுபடி முளைப்பதும் நாளிதழ்களின் வாடிக்கைச் செய்தி. வட்டாரம் என்று எதை அழைக்கிறோம் என்பதற்கு மாவட்ட எல்லை போதாது, ஆறு முழுவதும் வேண்டும்.

சென்னிமலையில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஒரத்துப்பாளையம் போனேன். 1990களின் தொடக்கத்தில் நொய்யலின் குறுக்கே கட்டிய அணை. பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் தருவதற்காகக் கட்டியது. சில ஆண்டுகளில் அதில் சாயக்கழிவு தேங்கி, அணையில் தண்ணீரைத் தேக்காதே என்று ஆயக்கட்டு விவசாயிகளே போராடும் நிலை வந்தது. நீதிமன்றத்துக்குப் போனது நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம். அணைத் தண்ணீர் வேண்டாம் என்று பாசனக்காரரே சொன்ன அணை.

கரையில் காங்கேயம் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற பெரியவர் ஒருவர், நான் திருப்பூரில் இருந்து வருகிறேன் என்றதும் சாயப்பட்டறைக்காரன் என்று நினைத்துவிட்டார். இல்லை என்று தெரிந்த பிறகுதான் பேசினார். "இப்ப தண்ணி முன்னைக்குப் பரவால்லைங்க. மண்ணுதான் இன்னும் சரியாகலை. தென்னை காய்க்குது, பருப்புதான் சிறுத்துப் போச்சு." இழப்பீடு வந்ததா என்று கேட்டேன். வந்தது என்றார். தொகையைச் சொன்னபோது அவரே சிரித்துவிட்டார். பிறகு அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை: "அந்த உப்புல என்ன பண்றதுன்னு கூட்டம் போடறாங்களாமா. நாங்கதானுங்க இருவது வருசம் அதைக் குடிச்சோம். எங்களை ஒருக்காக் கூப்பிட்டாங்களா?"

இதே நொய்யலின் வடகரையில், சற்றுத் தொலைவில், கொடுமணல். 1985 முதல் பேராசிரியர் கா. ராஜன் உள்ளிட்டோர் அகழ்ந்த ஊர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே இரும்பு உருக்கினார்கள், படியூர்ப் பச்சைக்கல்லையும் சிவன்மலை நீலக்கல்லையும் துளையிட்டு மணியாக்கினார்கள். ஓடுகளில் தங்கள் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள். இதைக் காட்டி, புத்தாக்கம் எங்கள் ரத்தத்திலேயே ஊறியது என்று மேடையில் முழங்குவது எளிது. ரத்தத்தில் ஊறியிருந்தால் உப்பு மூட்டைகள் கொட்டகையில் கிடக்காது. ஆவாரம்பாளையத்துக்காரருக்கும் அருள்புரத்துக்காரருக்கும் திறமையில் ஒரு குறையும் இல்லை. அவர்களுக்கு நடுவே இருக்க வேண்டியவைதான் இல்லை.

ஆகவே நொய்யல் படுகைக்கு இன்னொரு கட்டடம் வேண்டாம் என்பது என் முடிவு. பட்டறைகளுக்கும் கல்லூரிகளுக்கும் இடையே போய்வர, தொழிலும் படிப்பும் தெரிந்த ஐம்பது பேர், பத்து ஆண்டுச் சம்பள உறுதியோடு போதும். முதலில் மாறிப் பார்க்கிறவரின் நட்டத்தில் பாதியை ஏற்க, தொழில் சங்கங்களும் அரசும் சேர்ந்து போட்ட ஒரு நிதி வேண்டும். மின்வாரியம், தொழில் துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், ஆயக்கட்டு விவசாயிகள் எல்லோரும் உட்காரும் ஒரு மேசை, அதில் ஒரத்துப்பாளையத்துக்கு ஒரு நாற்காலி.

உங்கள் மாவட்டத்திலும் சீக்கிரமே ஒரு புத்தாக்க மையத்துக்கு அடிக்கல் நாட்டுவார்கள். அழைப்பிதழ் வந்தால் போங்கள். கட்டடத்துக்கு எத்தனை கோடி என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். உள்ளே உட்காரப் போகிறவர்களின் சம்பளம் எந்தக் கணக்கில், எத்தனை ஆண்டுக்கு என்பதை மட்டும் எழுந்து நின்று கேளுங்கள்.